பெயராய் எஞ்சியதும் காடாய் எஞ்சியதும்

ஓர் ஊரின் இயற்கை வளம் அழிந்த பின்னும் அதன் பெயர் அழியாது நிற்பதுண்டு. சிங்கப்பூரில் தமிழர் பெரிதும் கூடும் தேக்கா வட்டாரம் இதற்குச் சான்றாகும். மலாய் மொழியில் அதற்குக் 'கண்டாங் கெர்பாவ்' என்று பெயர். எருமைத் தொழுவம் என்பது பொருள். நீரும் புல்லும் நிறைந்த சதுப்பு நிலமே 19ஆம் நூற்றாண்டில் அங்குக் கால்நடை வாணிகத்தை வளர்த்தது. சதுப்பு வடிக்கப்பட்டது, தொழுவங்கள் மறைந்தன, எருமை கெர்பாவ் சாலை என்னும் பெயரில் மட்டும் எஞ்சியது.

காட்டின் கதையும் இவ்வாறே முடிந்திருக்கும். தோல் பதனிட உதவும் கேம்பியர்ச் செடியைப் பயிரிடக் காட்டை அழித்தனர். அதன் இலையைக் காய்ச்சும் விறகுக்காக மேலும் அழித்தனர். ஏறத்தாழ 15 ஆண்டுகளில் மண் வளமிழக்கவே, நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை நாடினர். தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கேண்ட்லி 1883இல் அளித்த அறிக்கையில் இவ்வழிவை எடுத்துரைத்தார். அதன் பயனாய்க் காப்புக் காடுகள் வகுக்கப்பட்டன. எனினும் 1930களில் புக்கிட் தீமா ஒழிந்த ஏனையவை காப்பு நிலையை இழந்தன.

புக்கிட் தீமா தப்பியது எவ்வாறு? விறகும் மரமும் தரும் காடாக அன்றி, கற்றற்குரிய காடாக அது மதிக்கப்பட்டமையே காரணம். பூங்காவின் அறிஞர்களான ரிட்லி, ஹோல்ட்டம், கார்னர் ஆகியோர் அதன் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். அப்பூங்காவின் அண்டையில் அமைந்த சிறு கல்லூரியே 1928இல் மாணவரை ஏற்ற ராஃபிள்ஸ் கல்லூரி. 1949இல் அது மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. பூங்காவின் இயக்குநராயிருந்த ஹோல்ட்டமே அங்கு முதல் தாவரவியல் பேராசிரியரானார். காட்டில் விளைந்த அறிவு இங்ஙனம் வகுப்பறைக்கு வந்தது. 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டமும் பிறந்தது.

ஆயினும் சட்டம் ஒன்றே போதுமானதன்று. அதே சட்டத்தின் காப்பிலிருந்த கிராஞ்சி, பண்டான் சதுப்புகள் பின்னாளில் அந்நிலையை இழந்தன. அறிந்தவர் பலராகப் பெருகினாலன்றிக் காப்பு நிலைபெறாது.

நிலத்தை அதன் மரத்தோடும் பறவையோடும் சேர்த்தறிந்த இலக்கண மரபு நம்முடையது. குறிஞ்சியும் மருதமும் கற்பிக்கும் ஆசிரியர், புக்கிட் தீமாவில் இன்றும் நிற்கும் மரங்களையும் மாணவர்க்கு அறிமுகஞ் செய்தல் வேண்டும். பொருள் மறைந்த பின் பெயரைப் போற்றுவது வரலாறு. பொருள் உள்ளபோதே பெயரறிந்து காப்பது கல்வி.