நாய்க்கும் வரி வந்த ஆண்டு



வரலாற்றை நாம் பெரும்பாலும் நெடுக்காகவே படித்து வருகிறோம். ஓர் அரசன் வந்தான், ஆண்டான், மாண்டான். அவனுக்குப் பின் இன்னொருவன் வந்தான் என்று ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறோம். இன்று அதைக் குறுக்காக வெட்டிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். பாலை மரத்தைக் குறுக்கே அரிந்தால் உள்வளையமும் வெளிவளையமும் ஒருங்கே கண்ணிற்படும். அதுபோல ஓர் ஆண்டை மட்டும் எடுத்து, அந்த ஆண்டில் உலகின் பல மூலைகளிலும் என்ன நடந்தது, அவற்றுள் நம்மைத் தொட்டது எது என்று நோக்குவோம். நான் எடுத்துக்கொண்ட ஆண்டு 1848.

ஐரோப்பிய வரலாற்று நூல்கள் அதனைப் புரட்சிகளின் ஆண்டு என்கின்றன. இலங்கை வரலாற்று நூல்கள் மாத்தளைக் கலகத்தின் ஆண்டு என்கின்றன. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதுவோர், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கிய ஆண்டு என்கின்றனர். மூன்றும் உண்மையே. ஆயினும் இவை மூன்று அலுமாரிகளில் தனித்தனியே கிடக்கின்றன. ஒரே மேசையில் அவற்றை விரித்து வைத்தால் என்ன தெரிகிறது என்பதே இன்றைய பேச்சு.

அந்த ஆண்டின் சனவரி 12ஆம் நாள் சிசிலித் தீவின் பலர்மோ நகரில் மக்கள் தம் மன்னனுக்கு எதிராக எழுந்தனர். அதே நாளில், கல்கத்தாவில் டல்ஹௌசிப் பிரபு இந்தியாவின் ஆள்பதியாகப் பொறுப்பேற்றார். வாரிசற்ற சமஸ்தானங்களைக் கும்பனி விழுங்கிக்கொள்ளும் கொள்கையை வேகமாக நடத்தியவர் அவரே. அந்த ஆண்டிலேயே சதாரா சமஸ்தானம் விழுங்கப்பட்டது. சனவரி 24இல் கலிபோர்னியாவில் ஓர் ஆலைக்கு வாய்க்கால் வெட்டிய இடத்திலே தங்கம் கண்டெடுக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, பெப்ரவரி 2இல், தங்கம் கிடந்த அந்த மண்ணை மெக்சிக்கோ ஓர் உடன்படிக்கையின் மூலம் ஐக்கிய அமெரிக்காவுக்குக் கையளித்தது. தான் எதைக் கொடுக்கிறேன் என்பதை மெக்சிக்கோ அப்போது அறிந்திருக்கவில்லை.

பெப்ரவரி 24இல் பிரான்சின் மன்னன் லூயி பிலிப் முடி துறந்தான். பாரிசிலே குடியரசு பிறந்தது. மார்ச் 13இல் வியன்னாவில் மெற்றர்னிக் பதவி விலகினார். நெப்போலியனுக்குப் பிந்திய ஐரோப்பாவை ஒரு தலைமுறைக் காலம் தன் விரல் நுனியில் ஆட்டியவர் அவர். ஐந்து நாள் கழித்து பெர்லினில் தெருக்களை மறித்து மக்கள் நின்றனர். இவற்றுக்குச் சற்று முன், பெப்ரவரி மாதத்திலே, இலண்டனில் ஒரு சிறு வெளியீடு அச்சாகியது. கார்ல் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கொம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை அது. அதை அப்போது வாசித்தவர்கள் வெகு சிலரே. அந்த ஆண்டின் புரட்சிகளுக்கு அதுவே காரணம் என எண்ணுவது பிழை.

காரணம் வயிற்றில் இருந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருக வைத்த நோய் ஐரோப்பாவில் பரவியது. 1846இல் தானிய விளைச்சலும் பொய்த்தது. பாணின் விலை ஏறியது. பிரித்தானியாவில் புகையிரதப் பாதைகளில் அளவுமீறிக் கொட்டப்பட்ட முதலும் முடங்க, 1847இல் பெரும் வணிக நெருக்கடி உண்டாகியது. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

இந்த இடத்திலேதான் இலங்கை கதைக்குள் வருகிறது. அக்காலத்தில் கண்டி மலைநாட்டின் செல்வம் கோப்பி. தேயிலை இன்னும் வரவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குச் சொந்தமென்றது. கிராமத்தவன் காலங்காலமாகச் சேனை வெட்டிய நிலம் ஏலத்துக்குப் போயிற்று. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரே பலர் இருந்தனர். இலண்டனில் பணம் வற்றியதும் கோப்பியின் விலை விழுந்தது, தோட்டங்கள் கைவிடப்பட்டன, அரசாங்கத்தின் வருமானமும் விழுந்தது.

பெட்டி வெறுமையானபோது அதை நிரப்ப வந்தவர் தேசாதிபதி டொறிங்டன் பிரபு. 1847இல் அவர் இங்கு வந்தபோது வயது முப்பத்தைந்தளவில். குடியேற்ற நாடொன்றை ஆண்ட அனுபவம் இல்லை. பிரித்தானியப் பிரதமர் ஜோன் றஸல் பிரபுவின் உறவினர். அவர் விதித்த வரிகளின் பட்டியலைப் பாருங்கள். துவக்குக்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு வீதிச் சட்டம் ஒன்று: பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்தல் வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டல் வேண்டும்.

நாய்க்கு வரி என்றதும் சிரிப்பு வரும். காட்டோரத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது. நான் இதை எழுதும் உடையார்கட்டிலே வயற்காவலுக்கு நாயின்றிப் போவார் இல்லை. பன்றியும் யானையும் இறங்கும் இடத்தில் நாய் என்பது வீட்டு அலங்காரம் அன்று, அது காவற்காரன். துவக்கும் அவ்வாறே. அந்த வரிகள் மலைநாட்டுக் குடியானவனின் பயிர்க் காவலின்மேல் விழுந்தன. பெருந்தோட்டக்காரனுக்கு ஒரு சிலிங் ஒரு பொருட்டல்ல. கையில் நாணயமே அரிதாய்ப் புழங்கும் கமக்காரனுக்கு அது பெரிய தொகை.

பாரிசின் செய்தி கொழும்புக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். தந்திக்கம்பி இன்னும் நமது நாட்டுக்கு வரவில்லை. கப்பலில்தான் கடிதமும் பத்திரிகையும் வந்தன. ஆனாலும் வந்தன. சூலை மாதத் தொடக்கத்தில் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையிலே 'ஓர் ஆங்கிலேயன்' என்ற ஒப்பத்துடன் ஒரு கடிதம் வெளியாகியது. எழுதியவர் அப்பத்திரிகையின் ஆசிரியரான வைத்தியர் கிறிஸ்தோபர் எலியற் எனக் கொள்ளப்படுகிறது. பிரான்சில் மக்கள் செய்ததை எடுத்துக்காட்டி, தமக்கென்று பிரதிநிதிகள் இல்லாத மக்கள் இந்த வரிகளைக் கட்ட வேண்டுமா என்ற கேள்வியை அது எழுப்பியது. அது சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஊர்களுக்குட் சென்றது. பாரிஸ் தெருவில் எழுந்த குரல் கண்டியின் குடிசை வாசலில் கேட்டது இவ்வாறுதான்.

சூலை மாதக் கடைசியில் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். புரன் அப்பு அவனுடைய படைக்குத் தலைமை தாங்கினான். மாத்தளை தாக்கப்பட்டது, கச்சேரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. சூலை 29இல் கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாகியது. அதே சூலை 29இல் அயர்லாந்தின் பாலிங்கரி என்ற ஊரில் வில்லியம் ஸ்மித் ஓபிரையனின் தலைமையில் ஒரு சிறு கூட்டம் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்து அன்றே முறியடிக்கப்பட்டது. உருளைக்கிழங்கு நோயால் பட்டினி கிடந்து இலட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த நாடு அது. பாலிங்கரியில் எழுந்தவன் மாத்தளையை அறியான். மாத்தளையில் எழுந்தவன் பாலிங்கரியை அறியான். இருவரையும் ஆண்ட அரசாங்கம் ஒன்று.

அதன்பின் நடந்தது விரைவாக நடந்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுடப்பட்டான். அம்மாதம் 26இல் குடாப்பொல தேரர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிபட்ட கொங்காலேகொட பண்டா கசையடிக்குப் பின் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். கலகத்தில் உயிரிழந்த நாட்டு மக்கள் ஏறத்தாழ 200 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. இந்தக் கடுமையை இலண்டனிலேயே பலர் பொறுக்கவில்லை. பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. டொறிங்டன் 1850இல் பதவியிழந்து போனார். நாய் வரியும் துவக்கு வரியும் நீக்கப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது. வீதிகள் வேண்டியிருந்தன அல்லவா? கோப்பி துறைமுகத்துக்குப் போக வேண்டுமே.

நேயர்களே, வீதி என்ற சொல்லில் இங்கே சற்று நின்று போவோம். அந்த ஆண்டின் கதையில் எவரும் பெயர் சொல்லாத ஒரு கூட்டம் உண்டு. கோப்பி பறிக்க இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து வந்த தமிழர்கள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் தெற்கோரமாக மதவாச்சிப் பக்கம் போய், தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். சூலையில் கலகக்காரர் இறங்கிய அதே தம்புள்ளை–மாத்தளைப் பாதைதான் அவர்களது பாதையும். தண்ணீர் இல்லை, தங்குமடம் அரிது, வாந்திபேதியும் காய்ச்சலும் வழித்துணை. விழுந்தவரை அவ்விடத்திலே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். விலை விழுந்த அந்த ஆண்டுகளில், உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பல தோட்டங்களில் கூலி நிலுவையிற் கிடந்தது. 1841 தொடக்கம் அந்த ஆண்டுகளில் இறந்தவர்கள் 70,000 வரையில் இருக்கலாமென 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' மதிப்பிட்டது.

கவனியுங்கள், அது மதிப்பீடு. எண்ணிக்கை அன்று. கலகத்திற் சுடப்பட்டவர்களின் பெயரை இராணுவ நீதிமன்றத்தின் ஏடுகளிற் காணலாம். காட்டு வழியில் விழுந்தவர்களுக்கு ஏடு இல்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடந்த சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நடந்துகொண்டிருப்பவர்களை எண்ணுவது எளிதன்று. எண்ண வேண்டுமென்று ஒருவருக்காவது தோன்றாவிட்டால் அவர்கள் ஓர் ஆண்டின் வரலாற்றிலிருந்தே கழன்று போய்விடுவார்கள்.

இதே ஆண்டின் ஏப்ரல் 27இல் புதிய பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. மனித குலம் பெருமைப்படத்தக்க நாள் அது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! பின்வந்த ஆண்டுகளில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். 1853இல் மார்ட்டினிக் தீவை முதற் கப்பல் அடைந்தது. பாரிசில் ஒருவனது விலங்கு கழன்றபோது தமிழ்க் கரையில் இன்னொருவன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான்.

இனி, சத்தமில்லாமல் நடந்தவற்றுக்கு வருவோம். அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் துவக்கு வெடிக்கவில்லை. வெசுலியன் மிசன் பள்ளியில் ஆசிரியராகவும் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணையாகவும் இருந்த இருபத்தைந்து வயது ஆறுமுகம்பிள்ளை, அந்த உத்தியோகத்தை விட்டார். வண்ணார்பண்ணையிற் பள்ளி தொடக்கினார். நாவலர் என்ற பட்டம் அவருக்கு அடுத்த ஆண்டில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தாற் கிடைத்தது. மிசனிடம் கற்ற பாடநூல் முறையையும் அச்சுத் தொழிலையும் அவர் தம் சமயத்துக்கும் தமிழுக்கும் திருப்பினார்.

அவர் எதிர்த்து நின்ற அமெரிக்க மிசனிலே அதே ஆண்டில் வேறொரு விதை விழுந்தது. முந்திய ஆண்டின் ஒக்டோபரில் வந்திறங்கிய வைத்தியர் சாமுவேல் கிறீன், உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நாவலரும் கிறீனும் 1822ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. சமயத்தில் இருவரும் எதிரெதிர்க் கரை. தமிழ் உரைநடை இருவரிடமும் வேலை வாங்கியது.

அதே 1848இல் பூனா நகரிலே சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். சூலை 19, 20ஆம் நாள்களில் அமெரிக்காவின் செனகா போல்ஸ் என்ற சிற்றூரிலே பெண்கள் கூடி வாக்குரிமை கேட்டனர்.

ஆண்டு முடிந்தபோது கணக்கு என்ன? யூன் மாதத்திலேயே பாரிசுத் தொழிலாளரின் எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. டிசம்பர் 10இல் பிரான்சு மக்கள் தம் வாக்கினாலேயே லூயி நெப்போலியனைத் தலைவனாக்கினர். அவன் பின்னர் பேரரசனாகிக் குடியரசை விழுங்கினான். வியன்னா மீண்டும் படையின் கையில். மாத்தளை அடங்கியது. அரண்மனைகளில் இருந்து பார்த்தவர்களுக்கு 1848 தோற்றுப்போன ஆண்டு.

என் கணக்கு வேறு. இலண்டனில் ஒரு வங்கி சாய்ந்தால் கண்டியிலே ஒரு நாய்க்கு வரி வரும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. அன்றிலிருந்து 'அது எங்கேயோ நடக்கிறது' என்று சொல்லும் உரிமை எந்த ஊருக்கும் இல்லை, காட்டோரத்துச் சிற்றூருக்கும் இல்லை. இவற்றைத் தனித்தனி அலுமாரிகளில் வைத்துப் படித்தால் அரசனும் தேசாதிபதியும் தெரிவார்கள். அலுமாரிகளுக்கு இடையே நடந்து போனவர்கள் தெரியமாட்டார்கள். மன்னார்ப் பாதையில் விழுந்தவர்கள் சிங்களக் கலகத்தின் கதைக்கும் உரியவரல்லர், யாழ்ப்பாணக் கல்வியின் கதைக்கும் உரியவரல்லர் என்று விடப்பட்டார்கள். ஆண்டைக் குறுக்கே வெட்டும்போதே அவர்களுடைய வளையமும் வெளிப்படுகிறது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் ஓர் ஆண்டை, உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஓர் ஆண்டை, இவ்வாறு குறுக்கே எடுத்துப் பாருங்கள். குளம் எப்போது கட்டுடைத்தது, பள்ளிக்கூடம் எப்போது திறந்தது, அந்த ஆண்டில் நெல் என்ன விலை, யார் யார் எந்த வழியால் வந்தார்கள், யார் போனார்கள் என்று முதியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெயர்களையும் எழுதுங்கள். பெயர் தெரியாதவர்களுக்கு, பெயர் தெரியாதவர் ஒருவர் என்றாவது ஒரு வரி விடுங்கள்.