இந்தியன் ஹெட்

இந்தியன் ஹெட், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள வேளாண் சிற்றூர். மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது. 2016 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,910. நம் கணக்கில் நடுத்தரமான ஒரு கிராமத்தின் அளவுதான். ஆனால் பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளிச் சமவெளியின் வேளாண்மை, விவசாயிகள் இயக்கம் ஆகியவற்றின் வரலாற்றில் இவ்வூருக்கு முக்கியமான இடம் உண்டு.

நிலமும் தொடக்கமும்

இப்பகுதி கிரீ, சோட்டோ, அசினிபாயின் முதலான தொல்குடி மக்களின் வாழ்நிலம். 1874இல் அருகிலுள்ள ஃபோர்ட் குவப்பெல்லில் அவர்களுக்கும் பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் இடையே நான்காம் உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, குடியேறிகளுக்கு நிலம் வழங்கும் சட்டத்தைக் கனடா இயற்றியிருந்தது. 10 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்துபவருக்கு 160 ஏக்கர் கிடைக்கும். குறித்த காலம் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் நிலம் சொந்தமாகும்.

1882இல் கனடியன் பசிபிக் ரயில்பாதை வந்தபோது ஊரும் பிறந்தது. அதே ஆண்டில் மேஜர் வில்லியம் பெல் என்பவர் 50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஒரு மாபெரும் பண்ணையைத் தொடங்கினார். அத்தனை பெரிய முயற்சி அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கலைந்துபோனது. நிலம் சிறு விவசாயக் குடும்பங்களின் கைக்கு மாறியது.

மண்ணும் மரமும்

1885இல் மேற்குக் கனடாவில் அரசுக்கு எதிராக எழுந்த வடமேற்குக் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படைக்குச் சரக்கு ஏற்றிச்செல்ல, இங்கிருந்த விவசாயிகள் பலர் குதிரைகளோடு போய்விட்டார்கள். அதனால் அந்தப் பருவத்தில் நிலத்தின் ஒரு பகுதி விதைக்கப்படவில்லை. மறு ஆண்டு கடும் வறட்சி. சுற்றிலும் பயிர் கருகியபோது, முந்தைய ஆண்டு தரிசாகக் கிடந்து உழப்பட்ட நிலத்தில் மட்டும் கோதுமை விளைந்தது. ஒரு கோடை முழுக்க மண் சேர்த்துவைத்த ஈரமே அதற்குக் காரணம். இதைக் கூர்ந்து கவனித்தவர் ஆங்கஸ் மெக்கே. 1887இல் இங்கே அரசின் சோதனைப் பண்ணை அமைந்தபோது அதன் பொறுப்பாளரானார். கோடைத் தரிசு முறை சமவெளி முழுவதும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மரமே இல்லாத சமவெளியில் காற்றுக்குத் தடையில்லை. பனிக்காலத்தில் அது வீட்டைத் தாக்கும். கோடையில் மேல்மண்ணை அள்ளிச் செல்லும். இதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அரசு நாற்றங்கால் ஒன்று உருவானது. காரகானா போன்ற குளிர்தாங்கும் புதர்களும் மரங்களும் இலவசமாக விவசாயிகளுக்கு அனுப்பப்பட்டன. 2013இல் அரசு இத்திட்டத்தைக் கைவிடும்வரை விநியோகமான கன்றுகள் 60 கோடிக்கும் மேல். இன்று சமவெளியில் ஒரு பண்ணைவீட்டைச் சூழ்ந்து மரவேலி தென்பட்டால், அது இந்த ஊரில் முளைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தரிசு முறைக்கும் ஒரு விலை இருந்தது. மூடாக்கின்றிக் கிடந்த மண் 1930களின் வறட்சியில் புழுதிப்புயலாகப் பறந்தது. பிற்காலத்தில் அதற்கு மாற்றுக் காண்பதிலும் இவ்வூர் முன்னின்றது. உழாமலே பழைய பயிர்த்தாளினூடே விதையையும் உரத்தையும் இறக்கும் 'கான்சர்வா பேக்' கருவியை உருவாக்கியவர் இவ்வூர் விவசாயி ஜிம் ஹால்ஃபோர்ட். அந்தத் தொழில்நுட்பத்தை 2007இல் வேளாண் கருவி நிறுவனமான ஜான் டியர் வாங்கியது. தரிசாகக் கிடந்த நிலங்களில் பருப்புப் பயிர்கள் இடம்பிடித்தன. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்டு 1970களில் தொடங்கிய பயிர் ஆய்வு இதற்கு வழிகோலியது. இலங்கைச் சமையலறைகளில் அன்றாடம் வேகும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு இந்தச் சமவெளியிலிருந்து போவதுதான்.

தானியக் கிடங்கும் விவசாயிகள் சங்கமும்

ஒருகாலத்தில் சமவெளி ஊர்களின் அடையாளம், ரயில்பாதையோரம் நெட்டையாக நின்ற மரக் கிடங்கான எலிவேட்டர். விவசாயி தன் வண்டியை உள்ளே ஓட்டிச்சென்று எடைமேடையில் நிறுத்துவார். எடை போட்டதும் வண்டி சாய்க்கப்பட்டு, கோதுமை கீழேயுள்ள குழியில் கொட்டும். வாளிகள் பொருத்திய பட்டை அதை உச்சிக்குத் தூக்கிச்சென்று, தரவாரியாகத் தனித்தனி அறைகளில் நிரப்பும். பின்னர் குழாய்வழியே ரயில் பெட்டியில் இறங்கும். எடை எவ்வளவு, தரம் என்ன, தூசுக்கும் பதருக்கும் எவ்வளவு கழிப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்தவர் கிடங்கு முகவர். ஓராண்டு உழைப்பின் மதிப்பு அவர் வாய்ச்சொல்லில் தொங்கியது.

1901இல் அமோக விளைச்சல். ஆனால் ரயில் பெட்டிகள் போதவில்லை. கிடைத்தவையும் கிடங்கு நிறுவனங்களுக்கே முதலில் போயின. விவசாயிகளின் தானியம் வீணானது. கொதித்தெழுந்த விவசாயிகள் அந்த டிசம்பரில் இந்தியன் ஹெட்டில் கூடி, வட்டாரத் தானிய விவசாயிகள் சங்கத்தை நிறுவினார்கள். அபர்நெத்தியைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். மதர்வெல் அதன் முதல் தலைவர். மறு ஆண்டே பக்கத்து ஊரான சின்டலூட்டாவின் கனடியன் பசிபிக் ரயில்நிலைய முகவர்மீது, பெட்டிகளை முறைப்படி ஒதுக்கவில்லை என்று சங்கம் வழக்குத் தொடுத்து வென்றது. நாட்டின் மிகப் பெரிய ரயில் நிறுவனத்துக்கு எதிராக உழவர்கள் பெற்ற அந்தத் தீர்ப்பு சமவெளியெங்கும் நம்பிக்கையை ஊட்டியது. தானியக் கூட்டுறவு நிறுவனங்களும், 1920களில் சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டுறவும் இந்த எழுச்சியின் தொடர்ச்சிதான்.

மருத்துவம்

சில நூறு பேரே வாழும் சமவெளி ஊர்களில் மருத்துவரைத் தக்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. 1915இல் இம்மாகாணத்தின் சார்னியா ஊராட்சி, மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடாதிருக்க வரிப்பணத்திலிருந்தே அவருக்கு ஊதியம் தந்தது. பிற ஊராட்சிகளும் அவ்வழியைப் பின்பற்றின. அடுத்தடுத்த ஊராட்சிகள் சேர்ந்து மருத்துவமனை கட்டிக்கொள்ளவும் சட்டம் இடம் தந்தது. அவை யூனியன் மருத்துவமனைகள் எனப்பட்டன. இந்தியன் ஹெட் மருத்துவமனையின் பெயரில் அந்தச் சொல் நிலைத்திருக்கிறது. இந்த அனுபவத்தின் மீதுதான் 1947இல் மாகாண மருத்துவமனைக் காப்பீடும், மருத்துவர்களின் 23 நாள் வேலைநிறுத்தத்தைத் தாண்டி 1962இல் அனைவருக்குமான மருத்துவக் காப்பீடும் எழுந்தன. கனடா முழுமைக்கும் அது முன்மாதிரியானது.

பொழுதும் விளையாட்டும்

குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். அப்போது ஊர் கூடும் இடம் பனிக்கூடம். ஐஸ் ஹாக்கிக்கு ஒன்று, பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்துக்கு ஒன்று என இருப்பது வழக்கம். கர்லிங் தளம் வழவழப்பாக இருந்தால் கல் வெகுதூரம் செல்லாது. ஆகவே ஆட்டத்துக்குமுன் ஒருவர் முதுகில் நீர்க்கலத்தைச் சுமந்து, பின்னோக்கி நடந்தபடியே பூவாளிபோல் நீர் தெளிப்பார். துளிகள் உறைந்து பொட்டுப்பொட்டாக நிற்க, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல் அவற்றின் தலையில் வழுக்கிச் செல்லும். 1998 ஒலிம்பிக் கர்லிங்கில் தங்கம் வென்ற சான்ட்ரா ஷ்மர்லர், இதே மாகாணத்தின் பிகர் என்ற சிற்றூரில் பிறந்தவர்.

கோடையில் பேஸ்பால். 1950இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து கறுப்பின வீரர்களைக் கொண்ட ஓர் அணி இங்கு வந்து, இந்தியன் ஹெட் ராக்கெட்ஸ் என்ற பெயரில் ஆடியது. சின்னத்திரையிலும் ஊர் இடம்பிடித்தது. 'லிட்டில் மாஸ்க் ஆன் த பிரெய்ரி' தொலைக்காட்சித் தொடரின் கற்பனை ஊரான மெர்சிக்கு இவ்வூர்த் தெருக்களே களமாயின.

இன்று

மாகாணத்தில் ஒருகாலத்தில் 3,000க்கும் மேலிருந்த மரக் கிடங்குகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தொலைவில் உள்ள கான்கிரீட் முனையங்களுக்கு லாரிகளே தானியத்தைக் கொண்டுசெல்கின்றன. 1946 முதல் சிற்றூர்களை இணைத்துவந்த மாகாண அரசுப் பேருந்துகளும் 2017இல் நிறுத்தப்பட்டன. கார் ஓட்ட முடியாத முதியவர்களை இந்த இழப்பு கடுமையாகப் பாதித்தது.

பெல் பண்ணையின் எச்சமாக வட்டவடிவக் கற்களஞ்சியம் ஒன்று வயல்நடுவே இடிந்துகொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் சங்கம் அமைத்து, நிதி திரட்டி, அதைப் பிரித்தெடுத்து, பழைய கற்களைக் கொண்டே மறுபடி எழுப்பினார்கள். இப்போது பார்வையாளர்கள் அதனுள்ளே சென்று பார்க்கலாம்.