மேட்டில் ஊர், பள்ளத்தில் வயல்: தஞ்சையின் நிலமும் வரலாறும்

தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாறு போகிறவர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுவார். தென்மேற்கே வல்லம் சாலையில் திரும்பினாலோ செம்மண்ணும் செம்பாறையுமாக நிலம் மெல்ல மேலேறும். வண்டலும் செம்மண்ணும் சந்திக்கும் இந்த விளிம்பில்தான் தஞ்சை உட்கார்ந்திருக்கிறது. நகரின் ஆயிரமாண்டு வரலாற்றையும் பொருளாதாரத்தையும் புரிந்துகொள்ள இவ்விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஊர் மேடேறும் காரணம் இடத்துக்கு இடம் வேறு. சீனாவின் சோங்சிங்கில், யாங்சியும் சியாலிங்கும் கூடுமிடத்தில், சமதளம் போதாமல் வீடுகள் மலைச்சரிவில் ஏறின. தஞ்சைக்கு வடக்கிலும் கிழக்கிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் சமதளம்தான்; ஆனால் அத்தனையும் நன்செய். ஊர் மேட்டோரம் ஒதுங்கி நின்றது.

850ஆம் ஆண்டையொட்டிச் சோழ மன்னன் விசயாலயன் கைப்பற்றிய இந்நகரை, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் உள்நகரான உள்ளாலை, வெளிநகரான புறம்படி என இரு பகுதிகளாகக் குறிக்கின்றன. 1010இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். வண்டல் நாட்டில் கருங்கல் ஏது? எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அந்தக் கல்லை இழுத்துவந்தது காவிரி டெல்டாவின் நெல். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுக்க வேண்டும், நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுவரை கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நெல்லே சம்பளம், நெல்லே வரி.

முதலாம் இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் தஞ்சைக்குத் தீ வைத்தனர். ஆனாலும் 1532இல் செவப்ப நாயக்கர், 1676இல் மராத்தியர் என ஆள வந்தவர்கள் இவ்வூரையே தேடி வந்தார்கள். நெற்களஞ்சியத்தின் வாசலை யார் விடுவார்கள்?

அரண்மனையை அண்டித் தொழில்கள் வளர்ந்தன. வல்லம் மேட்டில் கிடைத்த பளிங்குக் கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். பலாமரத்தைக் குடைந்து, மெழுகுப் படுக்கையில் 24 மெட்டுகளை ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்துப் பதிக்கும் வீணைத் தொழில், 1855இல் ஆங்கிலேயக் கும்பினியார் அரசை எடுத்துக்கொண்ட பிறகும் நிலைத்தது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் வந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் 1934இல் வந்தது. மேட்டூர் அணையோடு திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயை ஊரார் இன்றும் புது ஆறு என்கிறார்கள். நகரை ஒட்டியே ஓடி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போகும் அந்தத் தண்ணீர், வானம் பார்த்துக் கிடந்த மேட்டையும் நடவு வயலாக்கியது. நிலத்தின் பழைய எல்லை அப்போதுதான் கலைந்தது.

அதன் பிறகும் நகரம் பெரும்பாலும் முன்னோர் காட்டிய பக்கமே வளர்ந்தது. மருத்துவக் கல்லூரியும், 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் வல்லம் செல்லும் மேட்டு நிலத்தில்தான் எழுந்தன. அது நல்ல முடிவு.

இப்போது வண்டல் வயல்களிலும் மனைக்கல் ஊன்றுகிறார்கள். குறுவையும் சம்பாவும் விளைந்த மண் ஒருமுறை மனையானால் மீண்டும் வயலாகாது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலைகளையும் தடுக்கிறது; மனைப்பிரிவு அதன் தடைப்பட்டியலில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும்.