டிங்கரிங்

வாகனத் தகட்டில் விழும் ஒடுக்கையும் துருவையும் சரிசெய்யும் வேலை. திருச்சிக்குத் தகட்டு வேலை புதிதல்ல. இங்குள்ள பொன்மலை ரயில்வே பணிமனை 1928 முதல் இயங்குகிறது. துருவுக்கும் இங்கே குறைவில்லை: காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் வேன்களில் ஈரம் தேங்கித் தளத்தகடு துருப்பிடிக்கும்.

ஒடுக்கெடுக்க, உட்புறம் டாலி என்னும் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். ஓரத்து மேட்டில் தொடங்கி நடுவுக்கு வருவதே முறை. ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, விரல் பட்டாலே ‘டப்’பென்று உள்வாங்கும். அந்த இடத்தைச் சிவக்கச் சூடாக்கி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்குவார்கள். பொறுமையில்லாதவர் கைவைக்கக் கூடாத கட்டம் இது.

துருவேறிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகட்டைப் பற்றவைக்க வேண்டும். வெட்டாமல் துருவின்மேலேயே பட்டி பூசி மறைப்பது ஏமாற்று; உள்ளே துரு வளர்ந்துகொண்டேயிருக்கும். வீட்டில் செய்பவர்கள் வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.