விண்ணுக்குப் போகாத சேனல்

நியூயார்க் நகரத்தின் நடுவிலுள்ள மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தை, சில மைல் தள்ளி லாங் ஐலண்டில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் காட்ட செயற்கைக்கோள் தேவையில்லை. தரைக்கடியில் ஓடும் கம்பியே போதும். சாதாரண விஷயம்தான். ஆனால் இதை வைத்தே கேபிள்விஷன் நிறுவனம் தன் போட்டியாளர்களைப் பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

கேபிள்விஷனை நிறுவியவர் சார்லஸ் டோலன். 1972 நவம்பரில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி ஊரில் ஒளிபரப்பைத் தொடங்கிய எச்.பி.ஓ.வும் அவர் மூளையில் உதித்ததுதான். அடுத்த ஆண்டே எச்.பி.ஓ.வை விட்டு விலகி, லாங் ஐலண்டில் கேபிள்விஷனைத் தொடங்கினார். 1975இல் முகமது அலியும் ஜோ ஃபிரேஸியரும் மணிலாவில் மோதிய குத்துச்சண்டையை எச்.பி.ஓ. செயற்கைக்கோள் வழியாக அனுப்பியது. அதன் பிறகு அமெரிக்கா முழுக்க ஓடும் கேபிள் சேனல் என்றாலே, விண்ணுக்குப் போய்த் திரும்புவது என்று ஆகிவிட்டது.

1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தை எழுதியபோதும் இந்த வழக்கமே அடிப்படை. அன்று பெரும்பாலான ஊர்களில் ஒரே ஒரு கேபிள் நிறுவனம்தான்; பெரிய கேபிள் நிறுவனங்களிடம் சேனல்களும் இருந்தன. கம்பியும் சேனலும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழக வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சேனல் வைத்திருக்கும் கேபிள்காரர் அதைப் போட்டியாளருக்கும் நியாயமான விலையில் கொடுத்தாக வேண்டும் என்றது சட்டம். அதிபர் மூத்த புஷ் அதைத் தடுத்தார். அவர் பயன்படுத்திய தடை அதிகாரத்தை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரே சட்டம் இதுதான். 1994இல் டைரக்ட்டிவி தன் டிஷ்ஷை வீட்டுக் கூரைகளில் ஏற்ற முடிந்ததற்கும் இந்தச் சட்டமே பெரிய துணை.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் சேனல்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. தரை வழியாகப் போகும் சேனல் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

முதலில் அதற்குள் நுழைந்தது காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம். 1996இல் பிலடெல்பியாவின் ஹாக்கி, கூடைப்பந்து அணிகளை வாங்கிய காம்காஸ்ட், அடுத்த ஆண்டே காம்காஸ்ட் ஸ்போர்ட்ஸ்நெட் என்ற சேனலைத் தொடங்கி, அதைத் தரை வழியாகவே விநியோகித்தது. டிஷ் நிறுவனங்கள் கேட்டபோது கொடுக்க மறுத்தது. அவை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடமும், பிறகு நீதிமன்றத்திடமும் போய் முறையிட்டுத் தோற்றன. விளைவை எஃப்.சி.சி.யே பின்னால் கணக்கிட்டது: எதிர்பார்த்திருக்க வேண்டிய அளவைவிட பிலடெல்பியாவில் டிஷ் வாடிக்கையாளர்கள் சுமார் 40 சதவீதம் குறைவு. பேஸ்பால் ஆட்டங்களை காக்ஸ் கேபிள் தன்னிடமே வைத்துக்கொண்ட சான் டியாகோவில் 33 சதவீதம் குறைவு. உள்ளூர் அணியின் ஆட்டம் வராத பெட்டியை யார் வாங்குவார்?

இந்தச் சந்தைக்குள்தான் டெலிபோன் நிறுவனமான வெரைசான் 2005 செப்டம்பரில் கால் வைத்தது. டெக்சாஸின் கெல்லர் நகரத்தில் அதன் ஃபயோஸ் டிவி சேவை தொடங்கியது. வீட்டுச் சுவர் வரைக்கும் கண்ணாடி இழை. கேபிள்காரரின் பழைய செப்புக் கம்பியைவிடப் பல மடங்கு கொள்ளளவு. சுமார் 2,300 கோடி டாலர் திட்டம். டெலிபோன் கம்பெனிக்குத் தொழில்நுட்பம் கைவந்துவிட்டது. நிகழ்ச்சிதான் கையில் இல்லை.

நியூயார்க்கில் கேபிள்விஷன் காட்டிய வித்தை இன்னும் நுட்பமானது. எம்.எஸ்.ஜி. சேனல் அப்போது அதனுடையது, நிக்ஸ் கூடைப்பந்து அணியும் ரேஞ்சர்ஸ் ஹாக்கி அணியும் அதனுடையவையே. சாதாரணத் தரத்தில் சேனலை வெரைசானுக்கு விற்றது. எச்.டி. வடிவத்தைத் தரைக் கம்பியில் மட்டும் அனுப்பி, அது தனிச் சரக்கு, தரமாட்டோம் என்றது. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கறுப்பு ரப்பர் வட்டு பனித்தரையில் பறக்கும் விளையாட்டு ஹாக்கி. அதை 480 வரிகளில், பெரிய எச்.டி. திரையில், இருபுறமும் கறுப்புப் பட்டையோடு பார்த்தால் வட்டு எங்கே போனது என்றே தெரியாது. ஆட்டக்காரர்கள் ஓடும் திசையை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். பெட்டிக்குப் பின்னால் இருப்பதோ நாட்டிலேயே நவீனமான கண்ணாடி இழை.

2009இல் வெரைசானும், கனெடிகட் மாநிலத்தில் யூ-வெர்ஸ் சேவை நடத்திய ஏடி அண்ட் டியும் எஃப்.சி.சி.யிடம் புகார் கொடுத்தன. 2010 ஜனவரியில் ஆணையம் ஓட்டையை அடைத்தது. கேபிள்விஷன் பேச்சுரிமை வரைக்கும் வாதத்தை இழுத்தது. 2011 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் விதியைப் பெரும்பாலும் ஏற்றது. செப்டம்பரில், 30 நாளுக்குள் எச்.டி. சேனலைக் கொடுக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது.

கேபிள்விஷனுக்கும் மறுகரையில் நின்ற அனுபவம் உண்டு. 2002இல் யாங்கீஸ் அணியின் யெஸ் சேனலுக்கு விலை படியாமல், அதன் வாடிக்கையாளர்கள் ஒரு பேஸ்பால் பருவம் முழுக்க அந்தச் சேனலை இழந்தார்கள். 2010 அக்டோபரில் ஃபாக்ஸ் தன் சேனலை நிறுத்திவிட, சுமார் 30 லட்சம் வீடுகளில் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்கள் தெரியவில்லை. பூட்டியவரே பூட்டுக்கு வெளியே நின்ற அந்த நாட்களில், கேபிள்விஷன் அரசுத் தலையீட்டைக் கேட்டது.

2012 பிப்ரவரியில் ஜெரமி லின் என்ற, அதுவரை யாரும் அறியாத ஆட்டக்காரர் நிக்ஸ் அணிக்காக லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள் குவித்து நகரத்தையே பைத்தியமாக்கினார். கட்டணத் தகராறில் எம்.எஸ்.ஜி.யை ஜனவரி 1 முதல் இழந்திருந்த டைம் வார்னர் கேபிள் வாடிக்கையாளர்கள் அப்போது ஆட்டம் பார்க்க மதுக்கடைகளை நாடினார்கள். பிப்ரவரி 17 வரை அதே நிலை.

எச்.டி. வழக்கில் வெரைசான் பெற்ற வெற்றிக்கு ஆயுசு குறைவு. ஓட்டை அடைக்கப்பட்ட 2010லேயே வெரைசான் புதிய நகரங்களுக்கு ஃபயோஸை விரிவாக்குவதை நிறுத்தியிருந்தது. 2011 டிசம்பரில் காம்காஸ்ட், டைம் வார்னர் உள்ளிட்ட கேபிள் நிறுவனங்களிடமே 360 கோடி டாலருக்கு அலைக்கற்றை வாங்கி, ஒருவர் சரக்கை இன்னொருவர் விற்றுக் கொடுக்கவும் ஒப்பந்தம் போட்டது. 2012 அக்டோபரில், சேனலை ஒருவருக்கு மட்டும் தரும் பிரத்தியேக ஒப்பந்தங்களுக்கு 1992 சட்டம் விதித்திருந்த பொதுத் தடையையும் எஃப்.சி.சி. காலாவதியாக விட்டுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வழக்கும் தனித்தனிப் பஞ்சாயத்து.

பாதையைப் பார்த்த சட்டம், சேனல் யாருடையது என்று பார்த்திருந்தால் பிலடெல்பியாவில் பத்தாண்டுக்கு மேல் நீண்ட பூட்டு விழுந்தே இருக்காது. சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்போருக்கு ஓர் உதாரணம் போதும். லாங் ஐலண்டின் 24 மணி நேர உள்ளூர்ச் செய்திச் சேனலான நியூஸ் 12 கேபிள்விஷனிடம் மட்டுமே இருந்தது. பதிலுக்கு வெரைசான் 2009இல் ஃபயோஸ்1 என்று சொந்தச் செய்திச் சேனல் தொடங்கிப் பத்தாண்டு நடத்தியது. 2016இல் டோலன் குடும்பம் கேபிள்விஷனை ஐரோப்பிய நிறுவனமான ஆல்டிஸுக்கு விற்றது. 2019 நவம்பரில் ஃபயோஸ்1 மூடப்பட்டது. அந்த மாதமே நியூஸ் 12 வெரைசான் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.