கொம்புக்கும் இரும்புக்கும் இடையே

கண்டி இராச்சியத்தின் கைவினைப் பொருள்களுள் 'பிஹாகெத்த' எனப்படும் கத்திக்குத் தனியிடம் உண்டு. கொழும்பு நூதனசாலையிலும் இலண்டன் நூதனசாலைகளிலும் கண்ணாடிப் பெட்டிகளுள் வைக்கப்பட்டிருக்கும் இக்கத்திகளைக் காண்போர், அலகின் மேற்பகுதியிற் பதிக்கப்பட்ட வெள்ளிக் கொடிகளையும், கைப்பிடியிற் செதுக்கப்பட்ட இலைக் கருக்கையுமே முதலில் வியப்பர். கைப்பிடியை முதுகுப்புறமாக நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்கின், இருபுறமும் பொருந்திய கொம்புத் துண்டுகளின் நடுவே, அலகிலிருந்து உள்ளே நீளும் இரும்பு நாக்கின் விளிம்பை மூடியபடி, பித்தளையாலோ வெள்ளியாலோ ஆன மெல்லிய பட்டி ஒன்று செல்வதைப் பல கத்திகளிற் காணலாம். விரலகலமும் இல்லாத அப்பட்டியிலும் சித்திரம் வெட்டப்பட்டிருக்கும்.

இது வெறும் அலங்காரமன்று. கொம்பும் தந்தமும் ஈரத்திற் பருத்து வெயிலிற் சுருங்குவன; இரும்பு அவற்றோடு சேர்ந்து அசைவதில்லை. ஆகவே, எத்துணை நுணுக்கமாகப் பொருத்தினும் நாளடைவில் இடைவெளி தோன்றும். கைவியர்வை அதனுள் இறங்கும், துரு ஏறும், துரு பருத்துக் கொம்பைப் பிளக்கும். துருவேறாத உலோகத்தை விளிம்பிலிட்டு மூடுவது இதற்கொரு காவல். வேறுபட்ட பொருள்கள் சந்திக்கும் கோடு எப்போதும் கண்ணை உறுத்துவதாகையால், அக்கோட்டை மறைக்க முயலாமல், அதனையே பொன்னிறக் கோடாக்கிக் காட்டினான் கொல்லன். குறையை அணியாக்கும் இந்த அறிவு உலகெங்கும் கத்தி செய்வோரிடத்துக் காணப்படுவதே.

வேலை எளிதன்று. தகட்டைச் சற்றுப் பெரிதாகவே வெட்டிப் பொருத்தித் தறையாணி அடித்தபின், எல்லாவற்றையும் ஒருசேர அராவி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பித்தளை கடினம், கொம்பு மென்மை. ஒரே அழுத்தத்தோடு அரத்தை ஓட்டினால் கொம்பு குழிந்து பித்தளை மேடிட்டு நிற்கும். விரைந்து அராவினாலோ தகடு சூடேறிக் கொம்பு கருகும். நூலிற் படித்து வரும் திறன் அன்று இது. பட்டறையிலே தந்தையின் பக்கத்தில் அமர்ந்து பல்லாண்டுகள் அரம்பிடித்த கை மட்டுமே அறிவது.

அந்தக் கைகள் யாருடையவை? கொல்லர், தட்டார், தச்சர், தந்த வேலை செய்வோர் யாவரும் சிங்கள சமுதாயத்தில் நவந்தன்ன என்னும் ஒரே சாதியில் அடங்குவர். 1660இற் சிறைப்பட்டு 1679இற் தப்பியோடிய ஆங்கிலேயனான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலிலே இவர்களைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறான். முற்காலத்தில் உயர்குடியினர் இவர்கள் வீட்டில் உணவருந்தும் வழக்கம் இருந்ததாம். ஒருநாள் கருவிகளைச் செப்பனிட வந்த உயர்குடியினர் பட்டறையிற் காத்திருக்க, உணவு வேளை வந்ததும் கொல்லன் எழுந்து உள்ளே சென்றான். பசித்தவர்கள் தன் சோற்றிற் பங்குகேட்டு வந்துவிடுவரோ என்று அஞ்சிக் கதவையும் சாத்தினான். அந்த ஒரு கதவுக்காக, அன்றுதொட்டு அச்சாதியார் அனைவரும் உயர்குடியினரோடு உண்ணும் மதிப்பை இழந்தனராம். கதை உண்மையோ பொய்யோ, ஒருவனது செயலுக்கு ஒரு சாதி முழுவதும் தலைமுறை தலைமுறையாகத் தண்டனை சுமப்பது இயல்பென்று கருதிய சமுதாயத்தை அது நமக்குக் காட்டுகிறது.

அதே நொக்ஸ், அரச கொல்லர் முக்காலியில் கம்பீரமாக அமர்ந்திருக்க, வேலை கொண்டுவந்தவர்களே கரியும் இரும்பும் சுமந்துவந்து, துருத்தி ஊதி, பெருஞ்சம்மட்டியும் அடித்தனர் என்றும் எழுதுகிறான். கொல்லன் சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவமைப்பானாம். இவ்விரு செய்திகளும் முரண்பட்டவையல்ல. கலப்பையும் மண்வெட்டியும் அவன் கையில் இருந்தமையால் உழவன் அவனுக்குப் பணிந்தான். நிலம் அரசன் கையில் இருந்தமையால் அவன் அரசனுக்குப் பணிந்தான்.

ஆம், நிலமே இதன் அடிப்படை. அரண்மனைக்குரிய 'பட்டல் ஹதர' என்னும் நான்கு பட்டறைகளைச் சேர்ந்தோரும், கோயிற் பணியாளரும் மானிய நிலத்துக்கு ஈடாகத் தம் தொழிலைச் செலுத்தினர். நிலமும் சேவையும் ஒன்றையொன்று விடாதவை. கத்தியின் பட்டியிற் கொடிபடரச் செதுக்க ஒருவனுக்கு நாட்கணக்கில் ஓய்வு கிடைத்ததும் இந்த ஏற்பாட்டினாலேயே. அவன் மகன் வேறு தொழிலை நாட முடியாதுபோனதும் இதே ஏற்பாட்டினாலேயே.

1815இற் கண்டி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கத்தியை விரும்பிய அரசன் இல்லை. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனால், கோயில் நிலங்களிற் சேவைக்கடன் நீடித்தது. 1870ஆம் ஆண்டின் சட்டமே அக்கடனைப் பணமாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. ஒருபுறம் தளை தளர்ந்தது. மறுபுறம் இங்கிலாந்திலிருந்து மலிவான ஆலைக் கத்திகள் வந்திறங்கின. விடுதலையும் பட்டினியும் ஒரே வாயிலால் நுழைந்தன எனலாம்.

இவ்வழிவைக் கண்டு முதலிற் குரலெழுப்பியவர்களுள் ஆனந்த குமாரசுவாமி தலையாயவர். கனிப்பொருள் ஆய்வுக்காக ஊரூராகச் சென்ற அவர் கொல்லரையும் உலைகளையும் நேரிற் கண்டார். 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூல் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே அச்சாகி, 425 பிரதிகளே வெளிவந்தது. சமதர்மவாதியான மொரிஸின் பொறியில் அச்சான அந்நூல் பழைய சாதியமைப்பைப் பரிவோடு நோக்கியது என்பது சிந்திக்கத்தக்கது. மானிய நிலம் கைவினைஞனுக்கு அளித்த அமைதியை அவர் கண்டது மெய். அதன் விலையை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்பது எமது கருத்து. 1905இல் அவர் எழுதிய பகிரங்கக் கடிதமும் கண்டிப் பிரதானிகளுக்கே எழுதப்பட்டது, கொல்லருக்கன்று. எனினும் அவர் உழைப்பு இல்லையெனில் இத்தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி பதிவின்றியே மறைந்திருக்கும்.

பிஹாகெத்தவின் மர உறைகள் பலவற்றிலே, கத்திக்குப் பக்கத்தில் எழுத்தாணி ஒன்றையும் செருக இடம் விட்டிருப்பர். ஓலையில் நிலக்கொடையும் சேவைக்கடனும் எழுதப்பட்டன. அவற்றை எழுதிய கூரிய இரும்பை அடித்துக் கொடுத்தவனும் கொல்லனே. இன்று பெட்டியின் சீட்டிலே நூற்றாண்டும் பொருளின் வகையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. கொம்பு, பித்தளை, வெள்ளி, இரும்பு என்று மூலப்பொருள்கள் வரிசையாக உள்ளன. செய்தவன் பெயரைக் காண்பது மிக அரிது.