கிளிஞ்சல் முதல் பள்ளிவாசல் சுவர் வரை: கால்சைட்டும் சுண்ணாம்பும்

வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு, சிமெண்ட், முத்து. இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே, கால்சியம் கார்பனேட். அது படிகமாக இருக்கும்போது பெரும்பாலும் 'கால்சைட்' என்ற கனிமமாகக் கிடைக்கிறது. முத்தில் இருப்பது அதன் இன்னொரு வடிவமான அரகோனைட். சூரா அர்ரஹ்மானில் சேர்த்துச் சொல்லப்படும் முத்தும் பவளமும் இந்த ஒரே பொருளால் ஆனவை என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும்.

கால்சைட்டை அடையாளம் காண்பது எளிது. கடினத்தன்மை 3 தான், கத்தியால் கீறலாம். உடைத்தால் சாய்ந்த பெட்டி போன்ற துண்டுகளாகப் பிளக்கும். பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், வெண்கல்லான குவார்ட்ஸ் நுரைக்காது. தெளிந்த துண்டை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். இதை 1669-ல் டென்மார்க் அறிஞர் பார்தோலின் விவரித்தார்.

கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆகின்றன. அரியலூர்ப் பாறைகள் அப்படி உருவானவை. தாழையூத்தில் 1949-ல் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியதும் அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். நம் குமரி மாவட்டத்து மலைகளோ பெரும்பாலும் சார்னக்கைட், நைஸ் வகை. அதனால் கடலோரத்து, காயலோரத்துக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டே நம் முன்னோர் சுண்ணாம்பு எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையையே வெட்டிச் சுட்டதும் உண்டு. இன்று அது சட்டப்படி குற்றம்.

சுமார் 900 டிகிரி சூட்டில் கரியமிலவாயு வெளியேறிவிடும். 100 கிலோ தூய கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகக் குறையும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கால்சைட் ஆகிவிடும். கல்லாக இருந்தது கல்லாகவே திரும்புகிறது! பூச்சு உறுதிப்படக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது வழக்கம்.

ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நம் பக்கத்துப் பழைய பள்ளிவாசல்கள் பல கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். 'புதுப்பிக்கிறோம்' என்று மேலே சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே அடைபடும். உப்பு பூத்து, சில மழைக்காலத்திலேயே பூச்சு உதிரும், உள்சுவரும் நொய்ந்துபோகும். பிறகு 'சுவர் பழசு, இடித்துவிடலாம்' என்பார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிக் கேட்டபின் முடிவெடுங்கள்.

வீட்டிலும் எச்சரிக்கை தேவை. சுண்ணாம்பு டப்பாவைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். கசக்க விடாமல், இமையை விரித்து, சுத்தமான தண்ணீரை உடனே ஊற்றத் தொடங்கிக் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். கழுவியதும் நேராகக் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.